பிக்கப் வாங்கும்போது நீளப் பெட்டியா, கட்டைப் பெட்டியா?

பெட்டி என்று இங்கே சொல்வது, சாரதி இருக்கும் அறைக்குப் பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பகுதியை. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஓடும், பின் ஆசனமும் உள்ள டபுள் கேப்பில் அது ஏறக்குறைய 5 அடி. முன் ஆசனம் மட்டும் உள்ள சிங்கிள் கேப்பில் 7 அடியைத் தாண்டும். அமெரிக்காவில் நீளப் பெட்டி என்றால் சுமார் 8 அடி.

ஏன் இந்த வித்தியாசம்? டபுள் கேப், சிங்கிள் கேப் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீள அடிச்சட்டத்தில்தான் நிற்கின்றன. பின் ஆசனம் போட்டால் அந்த இடம் பெட்டியிலிருந்துதான் கழியும். அவ்வளவுதான்.

ஒரு பிளைவுட் பலகை 8 அடி நீளம். 5 அடிப் பெட்டியில் வைத்தால் 3 அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கூரைக்குப் பனஞ்சிலாகை ஏற்றினால் இன்னும் மோசம். சைக்கிள் கரியரில் அரிசி மூட்டையைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டிப் பாருங்கள், முன் சில்லு எழும்பப் பார்க்கும், ஹாண்டில் கைக்குள் நிற்காது. பின் அச்சைத் தாண்டிப் பாரம் போனால் பிக்கப்பும் அப்படித்தான்.

கிழமைக்கு நாலு நாள் மருதனார்மடம் சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோகிறவருக்கு நான் சிங்கிள் கேப்தான் சொல்லுவேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டுவிட்டு எப்போதாவது இரண்டு மூட்டை உரம் ஏற்றுகிறவருக்கு டபுள் கேப் போதும்.

அப்புறம், பெட்டி நீளமென்றால் பாரமும் கூட ஏற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பாரத்தின் அளவைத் தீர்மானிப்பது ஸ்பிரிங் வில்லும் அச்சும் டயரும், பெட்டியின் நீளமல்ல.