குருத்து காய்வது வெயிலாலா, புழுவாலா?

மார்ச்சில் நட்ட கோ 86032 ரகக் கரும்பு, நாற்பது நாள் பயிர், தண்ணீர் விட்டும் நடுக்குருத்து காய்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மருந்துக் கடைக்குப் போகும் முன் காய்ந்த குருத்து ஒன்றைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்து, அடியில் அழுகல் நாற்றம் அடித்தால் அது இளங்குருத்துப் புழு. வெறும் வெயில் காய்ச்சல் என்றால் இலை நுனியிலிருந்து கருகும். குருத்து இப்படி உருவிக்கொண்டு வராது.

ஆனால் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. சூடும் வறண்ட காற்றும் சேர்ந்தால் இந்தப் புழு பெருகும். கோடை மழை தவறும் வருடங்களில் எங்கள் வயலிலும் இதே கதைதான்.

இப்போதைக்கு, புழு தாக்கிய தூர்களை (முளைத்தண்டுகளை) தரையோடு வெட்டி அழித்துவிட்டு லேசாக மண் அணையுங்கள். பாத்தி காயாமல், ஆனால் தேங்காமல் தண்ணீர் கட்டுங்கள். பார்களுக்கு நடுவே சோகை (காய்ந்த கரும்பு இலை) பரப்பினால் ஈரமும் நிற்கும், மண் சூடும் குறையும். (சோகையைக் கொளுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.) டிரைக்கோகிரம்மா (புழுவின் முட்டைகளை அழிக்கும் குட்டிக் குளவி) முட்டை அட்டையைக் கடையில் நீட்டினால் அவசரப்படாதீர்கள். அது முக்கியமாக, வளர்ந்த கரும்பின் கணுக்களுக்கு இடையே துளைக்கும் இடைக்கணுப் புழுவுக்கு, நான்காம் மாதத்திலிருந்து கட்டுவது.

பயப்பட வேண்டாம், இந்த வயதில் பக்கத்தூர் வெடித்து ஓரளவு ஈடுகட்டிவிடும். அடுத்த முறை முடிந்தால் முன்பட்டத்தில், டிசம்பர் ஜனவரியிலேயே நட்டுவிடுங்கள். கோடை உச்சத்துக்குள் பயிர் கணு விட்டுவிட்டால் இந்தப் புழுவின் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அப்புறம், இழுத்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள்.