தரும ஸ்தாபனத்தில் வேலை செய்தவர் தொழில் நியாய சபைக்குப் போகலாமா?

கேள்வி: தரும நிதியம் ஒன்று நடத்தும் மருத்துவ நிலையத்தில் ஒன்பது வருடங்கள் எழுதுவினைஞராக இருந்தேன். சென்ற மாதம், காரணம் கூறாத இரண்டு வரிக் கடிதம் தந்து நிறுத்திவிட்டார்கள். “இலாபம் பார்க்காத இடம் கைத்தொழில் ஆகாது என்று இந்திய நீதிமன்றங்களே சொல்லியிருக்கின்றன, தொழில் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது” என்கிறார் நிர்வாகி. இது சரியா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: நிர்வாகி சொல்வது முழுப் பொய்யல்ல. ஆனால் அது அயல்நாட்டுக் கதை; அதையும் அவர் பாதிதான் கேட்டிருக்கிறார்.

இந்தியாவின் 1947 ஆம் ஆண்டுக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின்படி வேலைத்தளம் ‘கைத்தொழில்’ என்ற வரையறைக்குள் வந்தால்தான் பிணக்கு விசாரிக்கப்படும் என்பதால், அந்தச் சொல்லை வைத்தே வழக்குகள் மூண்டன. மதராஸ் ஜிம்கானா கழகம் 1967 இலும், டில்லி சப்தர்ஜங் மருத்துவமனை 1970 இலும் அதற்கு வெளியே என்று தீர்ப்பாயின. பெங்களூர் குடிநீர் வாரியம் தம்மிடம் அறவிட்ட தண்டப்பணத்தை எதிர்த்து ஊழியர்கள் தொடுத்த வழக்கில், 1978 இல், நீதியரசர் வி. ஆர். கிருஷ்ண ஐயர் உள்ளிட்ட உச்ச நீதிமன்ற எழுவர் குழாம் அந்த இரண்டு தீர்ப்புகளையும் புறந்தள்ளியது. முதலாளியும் தொழிலாளரும் கூடி, ஒழுங்காக, மக்களுக்குத் தேவையான பொருளையோ சேவையையோ வழங்கினால் அது கைத்தொழிலே. இலாப நோக்கம் இல்லாதது ஒரு பொருட்டல்ல என்றது. 2020 இல் இயற்றப்பட்ட புதிய சட்டக்கோவைதான் அறப்பணி அமைப்புகளை மீண்டும் வெளியே வைத்தது. நிர்வாகி இதைத்தான் எங்கோ படித்திருக்க வேண்டும்.

நமது இலங்கையின் 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டமோ, பெயரில் கைத்தொழிலைச் சுமந்தாலும், வேலைநீக்க விண்ணப்பத்தில் வேறொன்றையே முதலில் கேட்கிறது: நீங்கள் ‘தொழிலாளி’யா? வேலைகொள்வோர் ஒருவருடன் எந்தத் தகைமையிலும், எழுத்திலோ வாய்மொழியிலோ ஒப்பந்தம் செய்தவர் எவரும் அதன்படி தொழிலாளியே. வேலையை இழந்தவரும் அதில் அடங்குவார். அரசாங்கம் வேலைகொள்வோராக இருந்தால் மட்டும் சட்டம் விலகிக்கொள்ளும். சம்பளமின்றிக் கைகொடுக்கும் தொண்டரின் நிலை வேறு. மாதச் சம்பளம் வாங்கிய உங்களை அந்த வரிசையில் நிறுத்த முடியாது.

ஆகவே சம்பளச் சீட்டுகள், சேமலாப நிதி இலக்கம், வேலைநீக்கக் கடிதம் ஆகியவற்றைக் கடித உறையோடு பத்திரப்படுத்துங்கள். நிறுத்திய நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்க வேண்டும். நிர்வாகியுடன் பேசிக் கழியும் நாட்களும் அந்தக் கணக்கில் சேரும்.