ஏதென்ஸிலிருந்து ஒரே நாளில் மூன்று தீவுகளைப் படகில் பார்த்துவிட்டு வரலாம் என்கிறார்களே, காசுக்குத் தகுமா?

பார்த்துவிட்டு வரலாம், அதில் சந்தேகம் இல்லை. காலை எட்டு மணி வாக்கில் கப்பல் கிளம்பும், ஹைட்ரா, போரோஸ், ஏஜினா மூன்றிலும் இறக்கிவிட்டு ஏற்றிக்கொண்டு, இருட்டும் நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். காசுக்குத் தகுமா என்பது யாரோடு போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாங்கள் ஒரு செப்டம்பரில் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனோம், அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நானும் மனைவியும் மட்டும் போவதென்றால் இந்தக் கப்பலில் ஏற மாட்டேன்.

ஏன் என்றால், பெயர்தான் மூன்று தீவு, பொழுதில் பெரும்பகுதி போவது கடலில். ஹைட்ராவில் ஒன்றரை மணி நேரம், போரோஸில் ஒரு மணிக்கும் குறைவு, ஏஜினாவில் இரண்டு மணி, ஏறக்குறைய இவ்வளவுதான் தரையில் நிற்பது (கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், வரிசையும் மாறும்). மற்ற நேரமெல்லாம் மேல்தளத்து நாற்காலி, வெயில், காற்று, மதியம் பஃபே சாப்பாடு, அப்புறம் கிரேக்க வாத்தியமும் குழு நடனமும், அதில் பயணிகளையும் கையைப் பிடித்து இழுத்து ஆடவைப்பார்கள். வயதானவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் இது சௌகரியம்: ஓட்டலிலேயே வந்து பஸ்ஸில் ஏற்றிக்கொள்வார்கள், கழிப்பறை பக்கத்திலேயே, உட்கார இடம் நிச்சயம். ஆளுக்கு 100 யூரோவுக்கு மேல் கொடுப்பது இந்தச் சௌகரியத்துக்குத்தான்.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வெள்ளை வீடு, நீலக் கும்மட்டம் என்று படத்தில் பார்ப்பது சாண்டோரினி. அது ஏதென்ஸிலிருந்து வேகப் படகிலேயே ஐந்து மணி நேரம் போல ஆகும், ஒரே நாளில் போய்வரும் தூரம் இல்லை. இந்த மூன்றும் ஏதென்ஸுக்குப் பக்கத்தில் சரோனிக் வளைகுடாவில் இருப்பவை, வேறு முகம். கப்பலில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் கடைசிவரை நீலக் கும்மட்டத்தைத் தேடிக்கொண்டே இருந்தது, பாவம்.

மூன்றில் எனக்குப் பிடித்தது ஹைட்ராதான். குப்பை லாரி போன்ற ஒன்றிரண்டைத் தவிர மோட்டார் வண்டியே கிடையாது, எல்லாச் சுமையும் கோவேறு கழுதை முதுகில்தான். துறைமுகத்தில் இறங்கியதுமே கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்த கழுதைகள் வரிசையாக நிற்கும். நாங்கள் பார்த்தபோது ஒன்றின் முதுகில் இரண்டு பக்கமும் சிமெண்ட் மூட்டை, அடுத்ததில் தண்ணீர் பாட்டில் கட்டுகள், அதற்கடுத்ததில் சுருட்டிக் கட்டிய மெத்தை, அதன்மேல் யாரோ ஒரு சுற்றுலாப் பயணியின் சிவப்பு சூட்கேஸ். ஓட்டுபவர் ஒரு கையால் போன் பேசிக்கொண்டே இன்னொரு கையால் லேசாகத் தட்ட, வரிசை முழுக்கப் படிக்கட்டுச் சந்துக்குள் ஏறிப் போய்விட்டது. துறைமுகத்தைச் சுற்றி மலைச்சரிவில் நிற்கும் பெரிய சாம்பல் நிறக் கல் வீடுகள் பழைய கப்பல் முதலாளிகள் கட்டியவை. வணிகத்தில் கொழித்த இவர்கள்தான் 1821இல் தொடங்கிய கிரேக்க விடுதலைப் போருக்குத் தங்கள் கப்பல்களைக் கொடுத்தார்கள், கரையோரம் இன்னும் பீரங்கிகள் கடலைப் பார்த்து நிற்கின்றன. ஒன்றரை மணி நேரத்தில் கடைத்தெருவில் மாட்டிக்கொள்ளாமல் பீரங்கி இருக்கும் பக்கமாகக் கரையோரப் பாதையில் நடங்கள், அவ்வளவுதான். பாறையிலிருந்து நேராகக் கடலில் குதித்துக் குளிப்பவர்களை அங்கே பார்க்கலாம்.

போரோஸ் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எதிர்க்கரையில் இருக்கும் கலாட்டாஸ் ஊருக்கும் இதற்கும் நடுவில் குறுகலான கால்வாய் மாதிரிதான் கடல், கப்பல் அதற்குள் நுழையும் காட்சிதான் அங்கே விசேஷம். அந்த நேரத்தில் கீழே சாப்பிட்டுக்கொண்டு இருக்காதீர்கள். 1927இல் கட்டிய மணிக்கூண்டு வரை ஏறி இறங்கினால் நேரம் சரியாக இருக்கும். பேச்சாளர் டெமாஸ்தனிஸ் கி.மு. 322இல் விஷம் குடித்து இறந்த பொசைடன் கோயில் இந்தத் தீவில்தான், ஆனால் அது உள்ளே தள்ளி இருக்கிறது, நமக்குக் கொடுக்கும் நேரத்தில் போய்வர முடியாது.

ஏஜினா வருவதற்கு முன்பே கப்பலில் மைக் போட்டு பஸ் டூர் டிக்கெட் விற்பார்கள், அது தனிக் காசு. அஃபாயா கோயில் பார்க்க ஆசை இருந்தால் வாங்குங்கள், கி.மு. 500 வாக்கில் கட்டியது, பெரும்பாலான தூண்கள் இன்னும் நிற்கின்றன. அதன் முகப்புச் சிற்பங்களை மட்டும் அங்கே தேடாதீர்கள், 1811இல் தோண்டி எடுத்து, பிறகு விற்றது, இப்போது ஜெர்மனியில் மூனிக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பஸ் வேண்டாம் என்றால் துறைமுகத்திலிருந்து நடந்தே அப்பல்லோ கோயிலின் மிச்சமான ஒற்றைத் தூணைப் பார்த்துவிட்டு வந்து, பிஸ்தா வாங்கலாம். இந்தத் தீவுப் பிஸ்தாவுக்கு நல்ல பெயர், துறைமுகத்து ஓரமாகவே கடைகள், ருசி பார்க்கவும் தருவார்கள்.

இளவட்டங்களுக்கு நான் சொல்வது வேறு: மெட்ரோ பிடித்து பிரேயஸ் துறைமுகம் போங்கள், E8 கேட்டில் ஏஜினாவுக்கு நாள் முழுக்கப் படகு உண்டு. சாதாரணப் படகில் ஒன்றேகால் மணி நேரம், 10-15 யூரோவுக்குள் டிக்கெட். அல்லது வேகப் படகில் ஹைட்ரா, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், டிக்கெட் விலை கூடுதல், கோடை வார இறுதியில் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். ஒரே தீவில் ஐந்தாறு மணி நேரம் இருக்கலாம், குளிக்கலாம், நிதானமாகச் சாப்பிடலாம்.

சைவம் என்றால் கப்பலில் டிக்கெட் போடும்போதே சொல்லிவையுங்கள், சாலடும் பாஸ்தாவும் எப்படியும் இருக்கும். தீவு ஓட்டல்களில் ‘ஃபாவா’ கேளுங்கள், மஞ்சள் பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் போட்டுத் தருவார்கள், நம்ம பருப்பு மசியலுக்கு அது பங்காளி. தக்காளிக்குள் சோறு அடைத்துத் தரும் ‘யெமிஸ்தா’வும் நன்றாக இருக்கும், சில இடத்தில் கொத்துக்கறி சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் ஈஜியன் கடலில் வடக்குக் காற்று பலமாக வீசும். சரோனிக் பக்கம் கொஞ்சம் ஒதுக்குப்புறம் என்பதால் அவ்வளவு ஆட்டம் இருக்காது, ஆனாலும் வாந்தி வரும் உடம்பு என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுங்கள். காற்று அளவு மிஞ்சினால் படகே விடமாட்டார்கள். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளில் இதை வைக்காமல், ஏதென்ஸ் வந்த இரண்டாம் நாளே போட்டுக்கொள்ளுங்கள், ரத்தானாலும் வேறு நாளுக்கு மாற்ற இடம் இருக்கும்.