நோடு விலகியது, நோடு சேர்ந்தது: கிருஷ்ணகிரியில் ஒரு கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் சர்வர் பார்த்துக்கொள்கிறவர்கள் பதினைந்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் நண்பர் ஒருவரின் கடை மாடியில் கூடினோம். பல சர்வர்கள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும் கூட்டம் கிளஸ்டர், அதில் ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு. அந்த நோடுகளுக்கு இடையே இணைப்பு அறுந்துபோவதைப் பற்றி மட்டும் கேட்பது என்று முடிவு. ஓசூரில் பதினெட்டு வருடமாக இதே வேலை என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கேட்டவர்கள் பெயர் வேண்டாம் என்றார்கள். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

ஓசூர்: அண்ணா, மூன்று நோடு கிளஸ்டர். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை ஒரு நோடு விலகியது என்று லாக்கில் வருகிறது. அரை நிமிடம் கழித்துத் தானாகவே சேர்ந்துவிடுகிறது. பிங் போட்டால் சுத்தமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் பிங்கை நம்புவதை விடுங்கள். பிங் என்ற சோதனைப் பாக்கெட்டுக்குப் பதில் சொல்வது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி. உங்கள் டேட்டாபேஸ் மூச்சடைத்துக் கிடந்தாலும் கெர்னல் ‘இருக்கேன், இருக்கேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். வாசலில் வாட்ச்மேன் வணக்கம் வைத்தால் உள்ளே முதலாளி இருக்கிறார் என்றா அர்த்தம்?

அடுத்து, லாக்கில் உள்ள வார்த்தையை அப்படியே படியுங்கள். ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் பெரும்பாலும் அந்த மெஷின் உயிரோடு இருக்கிறது, அந்தப் போர்ட்டில், அதாவது அந்த நிரலுக்கான கதவு எண்ணில், கேட்க ஆளில்லை. ‘ரீசெட் பை பியர்’ என்றால் யாரோ தெரிந்தே அறுத்திருக்கிறார்கள். எதிர் நோடாக இருக்கலாம், நடுவில் உட்கார்ந்திருக்கும் ஃபயர்வாலாகவும் இருக்கலாம். ‘டைம்டு அவுட்’ என்றால் எந்தப் பதிலும் வரவில்லை. மூன்றும் மூன்று வியாதி. ஆனால் நம் ஆட்கள் மூன்றுக்கும் ‘நெட்வொர்க் போச்சு’ என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறார்கள்.

அப்புறம் நேரம். எத்தனை விநாடி அறுந்திருந்தது, எத்தனை நிமிடம் சும்மா இருந்த பிறகு அறுந்தது என்று எழுதி வையுங்கள். என் டைரியில் சில எண்கள் இருக்கின்றன: 30 விநாடி, 350 விநாடி, 15 நிமிடம், 2 மணி நேரம். ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு ஆள் ஒளிந்திருக்கிறான். எண் தெரிந்தால் ஆளைப் பிடித்துவிடலாம். இதற்கு எல்லா நோடுகளின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். கடிகாரத்தை ஒத்திசைக்கும் குரோனி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். ஒரு நோடு நாலு நிமிடம் பின்னால் ஓடினால் எது காரணம், எது விளைவு என்பதே தலைகீழாகிவிடும்.

உங்களுடையது அரை நிமிடம் என்கிறீர்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. விலகிய நோடின் கெர்னல் லாக்கில் அந்த நேரத்தில் ‘லிங்க் டவுன்’ என்று இருக்கிறதா? அலுவலகத்தில் யாராவது இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள்.

கிருஷ்ணகிரி: எங்கள் நோடுகள் பாதி இங்கே, பாதி கிளவுடில். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து முதல் ரிப்போர்ட் எடுத்தால் தொங்கிவிடுகிறது. கால் மணி நேரம் கழித்து எரர் வருகிறது. அடுத்த தடவை சரியாக வந்துவிடுகிறது.

கேள்வியிலேயே பதில் இருக்கிறது: சாப்பாட்டு நேரம், கால் மணி நேரம்.

சும்மா கிடக்கும் இணைப்பை நடுவில் இருக்கும் ஃபயர்வாலோ, வேலையைப் பங்கிடும் லோட் பேலன்சரோ தன் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறது. அமேசான் கிளவுடின் நெட்வொர்க் லோட் பேலன்சரில் இயல்பான கெடு 350 விநாடி. அஸ்யூர் லோட் பேலன்சரில் 4 நிமிடம். டிசிபி என்ற இணைப்பு முறையில் லினக்ஸின் கீப்அலைவ், அதாவது ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் பாக்கெட், இயல்பாக 7200 விநாடி சும்மா இருந்த பிறகுதான் முதல் முறை போகும். ரெண்டு மணி நேரம்! அதற்குள் நடுவில் இருப்பவன் கணக்கை முடித்துவிடுகிறான். இரண்டு பக்க நோடுகளுக்கும் அது தெரியாது, இணைப்பு இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கின்றன.

நீங்கள் சாப்பிட்டு வந்து கேள்வி அனுப்புகிறீர்கள். நடுவில் இருப்பவன் நல்லவன் என்றால் ரீசெட் அனுப்புவான், உடனே எரர் வரும். பல ஃபயர்வால்கள் சத்தமில்லாமல் பாக்கெட்டை விழுங்கிவிடும். லினக்ஸ் விடாமல் திரும்பத் திரும்ப அனுப்பும். டிசிபி ரீட்ரைஸ் 2 என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 15. அத்தனை முறையும் முயன்று கைவிடச் சுமார் 924 விநாடி ஆகும். உங்கள் கால் மணி நேரம் அதுதான்.

மருந்து இரண்டு. கீப்அலைவ் நேரத்தை 60 அல்லது 120 விநாடிக்குக் குறையுங்கள். ஆனால் கெர்னலில் எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. அப்ளிகேஷன் தன் சாக்கெட்டில், அதாவது இணைப்பின் தன் பக்க முனையில், கீப்அலைவ் வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காத சாக்கெட்டுக்கு அந்த எண் பொருந்தவே பொருந்தாது. இதில் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன், ஒரு வாரம் போனது. இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையில் டைமரையும் காட்டச் சொன்னால் எந்த இணைப்பில் கீப்அலைவ் ஓடுகிறது என்று தெரியும். இரண்டாவது, அந்த 15ஐக் குறைப்பது. தேடல் மென்பொருளான எலாஸ்டிக்சர்ச் தன் கையேட்டிலேயே 5 வைக்கச் சொல்கிறது.

பாலக்கோடு: கிளஸ்டர் சேர்கிறது, ஹார்ட்பீட், அதாவது ‘உயிரோடு இருக்கிறேன்’ என்ற செய்தி, போகிறது. ஆனால் புதிய நோடுக்கு டேட்டா நகல் எடுக்க ஆரம்பித்தால் நின்றுவிடுகிறது. மூன்று நாளாகப் பார்க்கிறேன்.

சின்னது போகிறது, பெரியது நிற்கிறது என்றாலே எம்டியுவை, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவைப் பாருங்கள். ரயில்வே பாலத்தின் அடியில் மொபெட் போகும், வைக்கோல் ஏற்றிய லாரி மாட்டிக்கொள்ளும். சாதாரண ஈதர்நெட்டில் பாலத்தின் உயரம் 1500 பைட். நோடுகள் விஎக்ஸ்லேன் மாதிரி, பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் சுற்றி அனுப்பும் ஒரு போர்வைக்குள் பேசினால் அந்தப் போர்வையே 50 பைட் எடுத்துக்கொள்ளும், உள்ளே 1450தான் மிச்சம். உள்ளே இருக்கும் நோடு அது தெரியாமல் 1500 அனுப்பினால் மாட்டும்.

சரியான பாதையில் ‘பெரிசா இருக்கு, சின்னதா அனுப்பு’ என்று ஐசிஎம்பி என்ற நெட்வொர்க் அறிவிப்புச் செய்தி திரும்பி வரும். பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பியை முழுக்க அடைத்துவிடுகிற ஃபயர்வால்கள் நம் ஊரில் ஏராளம். அப்போது லாரி மாட்டிய செய்தி பின்னால் வரும் டிரைவருக்குப் போய்ச் சேராது, அவனும் அதே பாலத்துக்கு வருவான்.

துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1472 பைட் பிங் போடுங்கள். ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளுக்கு 28 சேர்த்தால் 1500. போகவில்லை என்றால் 1422 போட்டுப் பாருங்கள். முன்பு ஒரு தொழிற்சாலையில் வேகம் வேண்டும் என்று இரண்டு சர்வரிலும் 9000 பைட் ஜம்போ பாக்கெட் வைத்துவிட்டு நடுவில் இருந்த ஸ்விட்சை மறந்துவிட்டோம். ‘விட்டோம்’ என்று சொல்கிறேன், செய்தது நான்தான்.

சிப்காட்டில் வேலை, ஊர் சூளகிரி: தினமும் ராத்திரி ஒரு மணிக்கு லீடர், அதாவது கிளஸ்டரை வழிநடத்தும் நோடு, மாறுகிறது. நெட்வொர்க் ஆள் ‘என் பக்கம் ஒன்றுமில்லை’ என்கிறார். எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது.

அவரிடம் முதலில் சமாதானம் ஆகுங்கள். அவர் சொல்வது சரியாக இருக்கும்.

ஒரு மணிக்கு என்ன ஓடுகிறது? பேக்கப்தானே? மெய்நிகர் மெஷினை ஸ்னாப்ஷாட், அதாவது அந்தக் கணத்து நகல், எடுக்கும்போது சிலசமயம் அந்த மெஷின் ஓரிரு விநாடி அப்படியே உறைந்துபோகும். தூங்குகிறவனுக்குத் தான் தூங்கியது தெரியாது. அந்த நோடின் லாக்கில் ஒன்றுமே இருக்காது, மற்ற நோடுகளின் லாக்கில்தான் ‘காணவில்லை’ என்று இருக்கும். கிளஸ்டர் தகவல்களைச் சேமிக்கும் எட்சிடியில் இயல்பாக ஹார்ட்பீட் 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை, தேர்தல் கெடு 1000 மில்லிவிநாடி. லீடர் ஒரு விநாடிக்கு மேல் கண்ணயர்ந்தால் மற்றவர்கள் தேர்தல் வைத்துவிடுவார்கள்.

ஸ்னாப்ஷாட் இல்லையென்றால் டிஸ்க். எட்சிடி ஒவ்வொரு பதிவையும் டிஸ்கில் அழுத்தி எழுதிவிட்டுத்தான் சரி என்று சொல்லும். அந்த எழுத்து நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை 10 மில்லிவிநாடிக்குள் முடிய வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. அதே டிஸ்கில் பேக்கப்பும் ஓடினால் எப்படி முடியும்? ஹார்ட்பீட் நேரத்துக்குப் போகவில்லை, டிஸ்க் மெதுவாக இருக்கலாம் என்று லாக்கே சொல்லும், தேடிப் பாருங்கள். ஜாவாவில் ஓடுவது என்றால் பயன்படாத நினைவகத்தைத் துடைக்கும் கார்பேஜ் கலெக்ஷன் இடைநிறுத்தத்தையும் பாருங்கள். நினைவகம் டிஸ்கில் உள்ள ஸ்வாப்புக்குப் போயிருந்தால் அந்த இடைநிறுத்தம் விநாடிக் கணக்கில் நீளும்.

நான் பார்த்த ‘நெட்வொர்க் பிரச்சினை’களில் நெட்வொர்க்கே காரணமில்லாதவை நிறைய.

ஊத்தங்கரை, மாணவர்: சார், ரெடிஸ் டேட்டாபேஸ் கிளஸ்டர் போடுகிறேன். 6379 போர்ட்டைத் திறந்துவிட்டேன். நோடுகள் ஒன்றையொன்று பார்க்கவே மாட்டேன் என்கின்றன.

16379ஐயும் திறங்கள், தம்பி. நோடுகள் தங்களுக்குள் பேசுவது பத்தாயிரம் கூட்டிய போர்ட்டில்.

அரூர்: நான் எல்லா நோடிலும் டைம்அவுட்டை, அதாவது பதில் வராத நோடைச் செத்ததாக எடுத்துக்கொள்ளும் கெடுவை, 5 நிமிடமாக ஏற்றினேன், பிரச்சினை தீர்ந்துவிட்டது. இது சரியா?

தீரவில்லை, உங்களிடம் சொல்லாமல் நடக்கிறது. குடம் ஒழுகினால் அடியில் பாத்திரம் வைக்கிற வேலை இது. நாளைக்கு ஒரு நோடு நிஜமாகவே செத்தால் ஐந்து நிமிடம் யாருக்கும் தெரியாது, அதற்கு அனுப்பிய வேலையெல்லாம் வரிசையில் நிற்கும். ரெடிஸ் கிளஸ்டரில் இயல்பு 15 விநாடி, செய்தி வரிசை மென்பொருளான ராபிட்எம்கியூவில் நோடுகளுக்கு இடையே 60 விநாடி. தொலைவு அதிகம் என்று அளந்து பார்த்து இரண்டு மடங்கு ஏற்றுங்கள், அது நியாயம்.

பர்கூர்: மூன்றாவது நோடைச் சென்னையில் வைக்கலாம் என்கிறார் முதலாளி. இரண்டே நோடு போதும் என்கிறார் அவர் தம்பி.

தம்பியை முதலில் முடித்துவிடுவோம். பெரும்பான்மை இருந்தால்தான் கிளஸ்டர் இயங்கும். இரண்டில் பெரும்பான்மை இரண்டு. ஒன்று போனால் இரண்டும் போச்சு. நாலு வைத்தாலும் ஒன்றைத்தான் இழக்கலாம், மூன்றுக்கு இருக்கும் அதே தாங்குசக்தி.

சென்னை விஷயம் யோசிக்க வேண்டியது. கண்ணாடி இழையில் ஒளி மில்லிவிநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை ஏறத்தாழ 250 கிலோமீட்டர். போய்வர இரண்டரை மில்லிவிநாடி, நடைமுறையில் அதைவிட அதிகம். அது கஷ்டமே இல்லை. கஷ்டம், சாலை அகலப்படுத்துகிற ஜேசிபி. இழை அறுந்து போக்குவரத்து வேறு பாதையில் சுற்றும்போது தாமதம் ஏறி இறங்கும், பாக்கெட் சில தொலையும். கிளஸ்டர் அதைச் சாவு என்று நினைக்கும். மூன்றும் இங்கேயே இருக்கட்டும், சென்னைக்குப் பின்தொடரும் நகல் ஒன்று போகட்டும். அது ஐந்து நிமிடம் பின்தங்கினாலும் யாரும் தேர்தல் வைக்க மாட்டார்கள்.

ஓசூர், முதலில் கேட்டவர்: அண்ணா, போன் போட்டேன். ‘லிங்க் டவுன்’ இருக்கிறது. இரண்டு மூன்று விநாடியில் ‘லிங்க் அப்’பும் இருக்கிறது. அப்புறம் ஏன் அரை நிமிடம்?

நினைத்தேன். லிங்க் வந்ததும் ஸ்விட்ச் உடனே பாக்கெட்டை விடாது. பாக்கெட் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பதைத் தடுக்கும் பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில் சுழற்சி இருக்கிறதா என்று 15 விநாடி கவனிக்கும், முகவரிகளைக் கற்க இன்னொரு 15 விநாடி. மொத்தம் முப்பது. சர்வர் சொருகிய போர்ட்டுகளை எட்ஜ் போர்ட், அதாவது அப்பால் வேறு ஸ்விட்ச் இல்லாதது, என்று அறிவித்துவிட்டால் அந்தக் காத்திருப்பு போய்விடும்.

ஆனால் லிங்க் ஏன் விழுந்தது என்பதுதான் மூலம். ஒரு நோடுக்கு மட்டும் என்றால் கேபிளை மாற்றுங்கள், நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டும் இத்டூலில் சிஆர்சி பிழை, அதாவது சிதைந்து வந்த பாக்கெட்டுகளின், எண்ணிக்கை ஏறுகிறதா பாருங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கிற நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். சர்வருக்கெல்லாம் யுபிஎஸ் போட்டுவிட்டு, அந்த ஒரு நோடு மாட்டியிருக்கும் சின்ன ஸ்விட்சை மட்டும் சுவரில் இருக்கும் சாதாரண பிளக்கில் சொருகியிருப்பார்கள். இதை நான் மூன்று இடத்தில் பார்த்திருக்கிறேன்.

தர்மபுரி: எங்களுக்கு மாதம் ஒருமுறைதான் வரும். எப்போது என்று தெரியாது. காத்துக்கொண்டு உட்கார முடியாதே?

பாக்கெட்டுகளைப் பிடித்துப் பதிவுசெய்யும் டிசிபிடம்ப்பைச் சுழற்சியில் ஓடவிடுங்கள். ஒரு கோப்பு 100 எம்பி, மொத்தம் இருபது கோப்பு என்று சொன்னால், நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதும், டிஸ்க் நிறையாது. நோடுகள் பேசும் போர்ட்டை மட்டும் பிடியுங்கள், பாக்கெட்டின் முதல் 96 பைட் போதும். முக்கியமாக, இரண்டு நோடிலும் ஓடவிடுங்கள். இந்தப் பக்கம் கிளம்பியது அந்தப் பக்கம் வந்து சேரவில்லை என்றால் நடுவில் தேடலாம். வந்து சேர்ந்தும் பதில் கிளம்பவில்லை என்றால் அந்த மெஷினுக்குள் தேடலாம். நோடு விலகியது என்று லாக்கில் வந்ததும் இரண்டு டிசிபிடம்ப்பையும் நிறுத்த ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வையுங்கள், இல்லையென்றால் நீங்கள் காலையில் வருவதற்குள் அதன் மேல் எழுதிவிடும்.