ஏழாம் வகுப்பிலும் ‘ஆங்கிலம் கற்பவர்’ பட்டியலில் மகன்

வணக்கம் சகோதரி. கலிபோர்னியாவில் கேஜியிலிருந்தே படிக்கும் மகன், ஆங்கிலம் சரளமாகப் பேசியும் ஏழாம் வகுப்பில் இன்னும் பள்ளியின் ‘ஆங்கிலம் கற்பவர்’ (இங்கிலீஷ் லேர்னர்) பட்டியலில் இருக்கிறானே என்று வருந்தியிருந்தீர்கள். பேச்சு வேறு, பாடநூல் ஆங்கிலம் வேறு. முதலில் அவனுடைய எல்பேக் (ELPAC, இந்த மாணவர்களுக்குக் கலிபோர்னியா நடத்தும் ஆங்கிலத் திறன் தேர்வு) மதிப்பெண் தாளை எடுத்துப் பாருங்கள். கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்கும் தனித்தனியாக இருக்கும். பெரும்பாலும் கடைசி இரண்டில்தான் இழுக்கும். பட்டியலிலிருந்து வெளிவர இந்தத் தேர்வில் மொத்தத்தில் 4ஆம் நிலை வேண்டும், அப்புறம் ஆசிரியர் மதிப்பீடு, உங்கள் கருத்து எல்லாம் சேரும்.

என் மகள் அறிவியல் நோட்டில் ‘ஐஸ் மெல்ட்டட்’ என்று எழுதி நிறுத்திவிடுவாள். தினமும் ‘ஏன் உருகியது?’ என்று தமிழிலேயே பேசவைத்து, ‘பிகாஸ்’ போட்டு ஆங்கிலத்தில் நீட்டி எழுதவைத்தோம். நன்றாகவே பலன் தந்தது. வீட்டில் தமிழை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.