திரும்பிப் பார்க்காத நாய்

கேள்வி: என் அண்ணாவுக்கு 2009இல் வலது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. வீட்டுக்குள் ஊன்றுகோல், வெளியே சக்கர நாற்காலி. எங்களிடம் கறுப்பி என்று ஐந்து மாதக் குட்டி ஒன்று இருக்கிறது, ஊர் நாய்தான். விழுந்த ஊன்றுகோலை இழுத்து வந்து கொடுக்கவும், ஃபோனைக் கவ்வித் தரவும் அண்ணா பழக்கிவிட்டார். எழும்பும்போது அதன் முதுகில் கையூன்றியும் பழக்குகிறார். வெளியிலும் துணையாக இருக்கட்டும் என்று போன கிழமை கிளிநொச்சிச் சந்தைக்குக் கொண்டுபோனோம். லொறி ஒன்று ஹோர்ன் அடித்ததும் நிலத்தோடு படுத்து மூத்திரம் பெய்துவிட்டது. இழுத்தும் எழும்பவில்லை. சனம் சிரித்தது. இனிக் கூட்டிப்போகவே மாட்டேன் என்கிறார் அண்ணா. பழக்க முடியாதா?
– ஒரு தங்கை, கிளிநொச்சி மாவட்டம்

பதில்: முடியும், தங்கச்சி. ஆனால் கறுப்பியை முதலாம் வகுப்பில் சேர்க்காமல் நேரே ஏ.எல். சோதனைக்கு அனுப்பிவிட்டீர்கள்.

வெளிநாடுகளில் பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களை வளர்ப்பவர்கள், குட்டியைக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஒரு குடும்பத்திடம் கொடுத்து வைப்பார்கள். அந்த ஒரு வருடமும் பஸ், படி, கடை, கூட்டம் என்று ஊரைப் பழக்குவதுதான் முக்கிய வேலை. வழிகாட்டும் வித்தையெல்லாம் அதற்குப் பிறகுதான். நீங்கள் தலைகீழாகத் தொடங்கியிருக்கிறீர்கள், பரவாயில்லை. ஒரு குட்டி புதியவற்றைச் சுலபமாக ஏற்றுக்கொள்ளும் காலம் ஏறத்தாழ 3 முதல் 14 கிழமை வரைதான். கறுப்பிக்கு அது கடந்துவிட்டது. இனியும் பழகும், மெதுவாகப் பழகும்.

ஊர் பழக்குவது என்றால் எல்லோரோடும் வாலாட்டிக் கொஞ்ச வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். உதவி நாய்க்கு அது உதவாது. 1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்டம்பரில் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தபோது நாங்கள் எப்படிப் பார்த்தோம்? முதலில் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம், அப்புறம் தண்டவாளத்துக்குக் கிட்டப் போனோம், கொஞ்ச நாளில் கூவிக்கொண்டு போனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. கறுப்பிக்கும் அந்தத் திரும்பிப் பார்க்காத நிலைதான் வேண்டும்.

ஆகவே சந்தைக்கு உள்ளே போகாதீர்கள். சந்தை தெரிகிற, சத்தம் இலேசாகக் கேட்கிற ஒரு மரநிழலில் இருங்கள். நூறு மீற்றர் என்றாலும் சரி, இருநூறு என்றாலும் சரி. தூரத்தை அளந்து சொல்லப்போவது கறுப்பிதான். அவித்த ஈரலைச் சின்னத் துண்டாக்கி உப்பில்லாமல் கொண்டுபோங்கள். லொறி தெரிந்ததும் ஒரு துண்டு, சாக்கு மூட்டைக்காரர் போனதும் ஒரு துண்டு. வாங்கித் தின்றால் அந்தத் தூரம் சரி. பசியிருந்தும் ஈரலை மணந்துவிட்டு முகத்தைத் திருப்பினால் மிகக் கிட்ட வந்துவிட்டீர்கள், பின்னுக்குப் போங்கள். தூக்கமில்லாமல் கொட்டாவி, தின்னாமலே உதட்டை நக்குவது, காதைப் பின்னுக்கு மடிப்பது, வாலை ஒடுக்குவது, இவை படுத்துவிடுவதற்கு முன்னால் வருகிற அறிகுறிகள். அன்றும் அவை வந்திருக்கும், நீங்கள் சனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். பத்து நிமிடம் போதும். நன்றாக இருக்கும்போதே வீட்டுக்குத் திரும்புங்கள்.

பயந்த நாயைத் தடவினால் பயம் கூடும் என்று யாராவது சொல்வார்கள். அது பிழை. கிட்ட வந்தால் தடவுங்கள். இழுப்பதுதான் கூடாது. நானும் இந்தப் பிழையைச் செய்தவன். என் நாயை ஒருமுறை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகிற சனத்துக்குள் நடத்திக்கொண்டு போனேன். ஒலிபெருக்கிக்குக் கீழே கழுத்துப்பட்டியை உருவிக்கொண்டு ஓடியது, இருட்டியபிறகுதான் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒலிபெருக்கி கட்டிய கம்பத்தைக் கண்டாலே அடுத்த பக்கம் போய்விடும்.

ஓட்டோவை முதலில் எஞ்சின் நிறுத்தி வீட்டு வாசலில் நிற்கும்போது ஏறி இறங்கப் பழக்குங்கள். பிறகு எஞ்சினைப் போட்டு, ஓடாமல். பஸ் அதற்குப் பிறகு, ஆளில்லாத நேரம் சாரதியிடம் கேட்டு. வெயிலேறிய தார் றோட்டில் புறங்கையை ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

வெடிச்சத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வன்னியில் யானை விரட்டும் வெடி கேட்காத ஊர் குறைவு. ஃபோனில் பதிவுசெய்து போட்டுக் காட்டினால் அந்த நெஞ்சதிர்வு அதில் வராது, பாதிதான் பழகும். இரவில் தூரத்தில் வெடி கேட்டால் உடனே ஒரு கைபிடி சோற்றையோ ஈரலையோ நிலத்தில் தூவுங்கள். முதலில் வெடி, பிறகு தீனி. முறை மாறினால் தீனியைக் கண்டாலே வெடிக்குப் பயப்படத் தொடங்கிவிடும்.

இங்கே ஒன்று கேட்கிறேன், குறை நினைக்காதீர்கள். அந்தச் சத்தத்துக்கு அண்ணாவின் கை என்ன செய்கிறது? நீங்கள் எழுதவில்லை. சங்கிலி பிடித்த கை இறுகினால் அது நேரே நாயின் கழுத்துக்குப் போகும். அண்ணா திடுக்கிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர் பட்டது அப்படி. ஆனால் சத்தம் பழக்குகிற பாடத்தை முதல் சில மாதம் நீங்கள் எடுங்கள். வீட்டு வேலைகளை அவர் பழக்கட்டும், அதில் அவர் கெட்டிக்காரர் என்பது தெரிகிறது.

முதுகில் கையூன்றுவதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்து மாதத்தில் எலும்பு முற்றவில்லை. வளர்ந்த பிறகும் ஊர் நாயின் உடம்பு ஒரு ஆளின் பாரத்தைத் தாங்காது. கவ்வித் தரட்டும், கதவை இழுக்கட்டும், அது போதும்.

லொறியைவிடப் பெரிய தலையிடி கட்டாக்காலி நாய்கள். ஒரு கடி பல மாதப் பழக்கத்தை அழித்துவிடும். ஒருவர் பட்டியைப் பிடிக்க, மற்றவர் குடையோடு முன்னால் நடக்கட்டும். பாய்கிற நாய்க்கு முன்னால் குடையைச் சட்டென்று விரித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். குடை விரிவதைக் கறுப்பிக்கு முதலில் வீட்டில் பழக்குங்கள், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து ஓடும்! விசர்நாய்த் தடுப்பூசியும், பார்வோ என்கிற கழிச்சல் நோய்க்கான ஊசியும் முழுதாகப் போட்டாயிற்றா என்று கால்நடை வைத்தியரிடம் அட்டையைக் காட்டிக் கேளுங்கள். மிதிவெடிப் பலகை நட்ட காணிப்பக்கம் எந்தக் காரணத்துக்கும் அவிழ்த்துவிட வேண்டாம்.

ஆறு மாதத்துக்கும் பதினான்கு மாதத்துக்கும் இடையில், பழகிய ஒன்றுக்கே திடீரென்று பயப்படுகிற கிழமைகள் சில வரலாம். அப்போது புதிதாக ஒன்றும் காட்டாமல் பழைய மரநிழலுக்கே போங்கள். பெரிய பயிற்சிப் பள்ளிகளிலேயே கணிசமான குட்டிகள் தேறுவதில்லை. கறுப்பி சந்தைக்கு ஒத்துவராவிட்டாலும் வீட்டுக்குள் அண்ணாவுக்கு ஊன்றுகோல் எடுத்துக் கொடுக்கிற நாய் அது.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு முன்னர், கடைகள் திறக்கிற நேரம், அந்த மரநிழலுக்குப் போய்ப் பாருங்கள். எந்தத் தூரத்தில் ஈரலை வேண்டாம் என்றது என்று எனக்கு எழுதுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.