யார் ஆள் அந்த நீதிபதி?

கேள்வி: நீதிபதி நியமனத்தில் மத்திய அரசு கட்சி பார்க்கிறது என்று சென்ற இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். 1973-ல் இந்திரா காந்தி மூன்று நீதிபதிகளைத் தாண்டி ஒருவரைத் தலைமை நீதிபதியாக்கினாரே, அது உங்கள் கண்ணில் படவில்லையா? அமெரிக்காவிலேயே கட்சி பார்த்துத்தான் நீதிபதி போடுகிறார்கள். எல்லா டி.வி.யும் கட்சி டி.வி. ஆகிவிட்டது. நீங்களும் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளலாமா?

– பென்னாகரம் வாசகர் ஒருவர்

பதில்: 1973 ஏப்ரலில் நடந்தது அநியாயம். ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்தது. அரசமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பில் கைவைக்க முடியாது என்றது. அது வந்த கையோடு, அரசுக்குப் பிடிக்காத பக்கம் நின்ற மூத்த நீதிபதிகள் ஷெலட், ஹெக்டே, குரோவர் மூவரையும் ஒதுக்கிவிட்டு ஏ.என்.ராயைத் தலைமை நீதிபதியாக்கினார் இந்திரா. மூவரும் பதவி விலகினார்கள். நீங்கள் எழுதாத இன்னொன்றும் உண்டு. நெருக்கடி நிலையின்போது, காரணமில்லாமல் சிறையில் அடைத்தாலும் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று 1976-ல் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். 1977 ஜனவரியில் அவருக்கு வர வேண்டிய தலைமைப் பதவி பணியில் அவருக்கு இளையவரான பெக்குக்குப் போனது. கன்னாவும் விலகினார்.

இதையெல்லாம் சென்ற இதழில் ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது குறைதான்.

ஆனால் உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 1973-ஐ நீங்கள் கொண்டுவந்தது அது தப்பு என்று சொல்ல அல்ல. அவர்கள் செய்தார்களே, இவர்கள் செய்தால் என்ன என்று கேட்க. போன வருஷம் ஒருவன் வரப்பை வெட்டினான் என்பதற்காக இந்த வருஷம் இன்னொருவன் வெட்டலாம் என்றால் குறுகிப்போவது நம்முடைய வயல். நீங்கள் 1973-ல் நடந்ததற்கு உண்மையிலேயே கோபப்படுகிறவர் என்றால், இன்றைக்கு அதே காரியத்தை யார் செய்தாலும் முதலில் கோபம் வர வேண்டியது உங்களுக்குத்தான்.

அமெரிக்காவைச் சொன்னீர்கள். அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு ஓய்வு வயது கிடையாது. ஆயுள் முழுக்கப் பதவி. ஒரு நாற்காலி காலியானால் முப்பது ஆண்டுக்கான அதிகாரம் காலியாகிறது. அதனால்தான் அந்த அடிதடி. 2016 பிப்ரவரியில் நீதிபதி ஸ்காலியா இறந்தார். ஒபாமா மெரிக் கார்லண்டின் பெயரைக் கொடுத்தார். தேர்தல் ஆண்டில் நியமனம் கூடாது, மக்கள் தீர்மானிக்கட்டும் என்று சொல்லி, செனட் சபையைக் கையில் வைத்திருந்த குடியரசுக் கட்சி அந்தப் பெயரை விசாரணைக்கே எடுக்கவில்லை. 2020 செப்டம்பரில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்தார். தேர்தலுக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. அதே கட்சி ஏமி கோனி பாரெட்டை 52-க்கு 48 என்று அக்டோபர் 26 அன்று உட்காரவைத்தது. தேர்தல் நவம்பர் 3. ஜனநாயகக் கட்சியும் சளைத்ததல்ல. கீழ்நிலை மத்திய நீதிமன்ற நியமனங்களுக்கு 60 ஓட்டு வேண்டும் என்றிருந்த தடையை 2013-ல் உடைத்தது அவர்கள்தான். 2017-ல் குடியரசுக் கட்சி அதையே உச்ச நீதிமன்றத்துக்கும் நீட்டிக்கொண்டது. இதையா நாம் முன்மாதிரியாக எடுத்துக்கொள்வது?

இப்போது நம் உயர் நீதிமன்றத்துக்கு வருகிறேன். 2023 ஜனவரி 17, ஒரே நாள். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வழக்கறிஞர் ஜான் சத்யன் பெயரைக் கொலீஜியம், அதாவது நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் உச்ச நீதிமன்ற மூத்த நீதிபதிகளின் குழு, இரண்டாம் முறையாக மத்திய அரசுக்கு அனுப்பியது. பிரதமரை விமர்சித்து வந்த ஒரு கட்டுரையை அவர் பகிர்ந்தார் என்று உளவுத்துறை எழுதியிருந்தது. ஒரு கட்டுரையைப் பகிர்ந்ததால் தகுதி போய்விடாது என்று கொலீஜியம் பதில் எழுதியது. அன்று தனியாக அனுப்பிய சில பெயர்களுக்கு முன்னால் இவரை நியமிக்க வேண்டும் என்றும் சொன்னது. அன்று பரிந்துரைக்கப்பட்டவர்களில் விக்டோரியா கௌரியும் ஒருவர். அவர் பா.ஜ.க. மகளிர் அணியில் பொறுப்பு வகித்தவர் என்று சென்னை வழக்கறிஞர்கள் எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மனு தள்ளுபடியானது. பிப்ரவரி 7 அன்று அவர் பதவியேற்றார். முன்னால் வர வேண்டியவர் என்று எழுதப்பட்டவர் வாசலில் நின்றார். அவருடைய பணிமூப்பு போகிறதே என்று மார்ச் மாதம் கொலீஜியம் கவலை தெரிவித்து எழுதவும் நேர்ந்தது.

இதில் நாங்கள் செய்த தவறு ஒன்று இருக்கிறது. "தன் ஆளை நீதிபதியாக்கியது மத்திய அரசு" என்று தலைப்புப் போட்டோம். கௌரியின் பெயரைப் பரிந்துரைத்தது கொலீஜியம் என்பது கட்டுரையின் கடைசிப் பத்தியில் கிடந்தது. தலைப்பை மட்டும் படித்தவருக்கு நாங்கள் பாதி உண்மையைத்தான் கொடுத்திருக்கிறோம். அரசு செய்தது ஒரு பெயரை ஓடவிட்டு இன்னொன்றை நிறுத்தியது. அதைத்தான் தலைப்பில் சொல்லியிருக்க வேண்டும்.

கட்சியில் இருந்தவர் நீதிபதியாகவே கூடாது என்றும் நான் சொல்லமாட்டேன். வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1957-ல் கேரளத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சியில் மந்திரி. ஏழைக்காகத் திறந்த கதவு என்று இன்றும் வக்கீல்கள் அவர் பெயரைச் சொல்கிறார்கள். பஹருல் இஸ்லாம் காங்கிரஸ் எம்.பி.யாக இருந்து நீதிபதியாகி, உச்ச நீதிமன்றம் போய், 1983-ல் அங்கிருந்து விலகித் திரும்பவும் காங்கிரஸ் வேட்பாளராக வந்தார். பழைய கட்சி அடையாளம் ஒன்றை வைத்து இருவரையும் ஒரே தராசில் போட முடியாது. அப்படியானால் எதைப் பார்ப்பது? யார் பரிந்துரைத்தார்கள், எத்தனை மாதம் கோப்பு கிடந்தது, என்ன காரணம் எழுதினார்கள். இந்த மூன்றும் வெளியே வந்தால் நானும் நீங்களும் தீர்மானித்துக்கொள்ளலாம். ஜான் சத்யன் விஷயம் நமக்குத் தெரிந்ததே கொலீஜியம் காரணத்தை எழுதி வெளியிட்டதால்தான். 2017 அக்டோபருக்கு முன்னால் அந்தத் தீர்மானங்களைக்கூட வெளியே போடமாட்டார்கள். நீதிபதிகளே பூட்டிய அறையில் நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. அதற்கு மாற்றாக 2014-ல் வந்த ஆணையத்தில் சட்ட அமைச்சருக்கும் இடம் இருந்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. எந்த அமைப்பு வந்தாலும் காரணத்தை எழுத்தில் கொடு என்பதுதான் என் கோரிக்கை. நம் அரூர் கோர்ட்டுக்கு முன்சீப்பாக வருகிறவர் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி, மார்க் வாங்கி வருகிறார். அவர் யார் ஆள் என்று யாரும் கேட்பதில்லை.

டி.வி. விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கலைஞர் டி.வி., ஜெயா டி.வி., மக்கள் டி.வி., கேப்டன் டி.வி. என்று கட்சிக்கு ஒன்றாகப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்றதும் ஒரு பக்கம் பட்டாசு, ஒரு பக்கம் கடையடைப்பு. 2015 மே 11 விடுதலை என்றதும் பட்டாசும் அழுகையும் இடம் மாறின. 2017 பிப்ரவரியில் திரும்பவும் மாறின. மூன்று தீர்ப்பையும் முழுதாக விளக்கிச் சொன்ன சேனலை நான் பார்க்கவில்லை. எந்தச் சாட்சியம் நின்றது, எந்தக் கணக்கு உதைத்தது என்று கேட்டால் இன்றும் நம் ஊரில் பத்துப் பேருக்குத் தெரியாது. நீதி வென்றது, நீதி செத்தது என்பது மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

இதன் விலை என்ன என்று தருமபுரிக்காரருக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. 2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசண்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் சென்னையில் ஒரு நீதிபதி ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று தீர்ப்புச் சொன்னார். அந்தக் கோபத்தை அவருடைய கட்சிக்காரர்கள் இலக்கியம்பட்டியில் கல்விச் சுற்றுலா வந்த வேளாண் கல்லூரிப் பேருந்தின் மேல் காட்டினார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே எரிந்துபோனார்கள். எந்தத் தண்டனைக்காகப் பேருந்தைக் கொளுத்தினார்களோ, அது 2001 டிசம்பரில் மேல்முறையீட்டில் ரத்தானது. அந்த வழி அன்றைக்கும் திறந்துதான் இருந்தது. கொளுத்தியவர்கள் மேலான விசாரணை கிருஷ்ணகிரியில் நடந்தபோது சாட்சிகள் பிறழ்ந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டு சேலத்தில் முதலிலிருந்து நடத்தச் சொன்ன பிறகுதான் 2007-ல் தண்டனை வந்தது.

வாச்சாத்தியையும் நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்களை நாசமாக்கினார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது அன்றைய அரசு. 1995-ல் உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. பிறகு இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்டன. 269 பேர் மேல் வழக்கு; 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி செஷன்ஸ் கோர்ட்டில் மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் வந்து பார்த்தார்; அந்தச் செப்டம்பரில் தண்டனையை உறுதிசெய்தார். அந்தப் பெண்களில் ஒருவராவது தீர்ப்புச் சொன்னவர் யார் ஆள் என்று கேட்டிருப்பாரா? நாளைக்கு இன்னொரு வாச்சாத்தி சென்னைக்குப் போனால், அங்கே பெஞ்சில் இருக்கிறவர் ஆளும் கட்சியின் மனம் கோணாதவர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருந்தால், யாரிடம் போவார்கள்? சென்ற இதழில் இரண்டு பக்கம் எழுதியது இந்தப் பயத்தில்தான். டெல்லி மேல் எனக்குள்ள பகையால் அல்ல.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். தலைப்புக்கான திருத்தம் இந்த இதழின் இரண்டாம் பக்கத்தில், அந்தக் கட்டுரை வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் இருக்கிறது. 1973, 1977 பற்றி அடுத்த இதழில் தனிக் கட்டுரை வரும். ஜான் சத்யன் கோப்பை நிறுத்திவைத்தது சரியா என்று நீங்கள் நினைப்பதையும் எழுதி அனுப்புங்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.